இந்தியர்கள் விண்வெளிக்குப் போன கதை: சனிக்கிழமை வகுப்பில் கேட்ட கேள்விகள்

மொரீசியஸில், ரோஸ்ஹில் பக்கம் ஒரு கோவில் கூடத்தில் சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். எழுத்துக்கூட்டிப் படிப்பதும் நாலைந்து குறளும்தான் பாடம். ஆனால் 2025-இல் இந்தியாவின் சுபான்ஷு சுக்லா விண்வெளிக்குப் போய் வந்ததிலிருந்து குறளைவிட ராக்கெட் கேள்விகள்தான் அதிகம். பிள்ளைகளை அழைத்துப்போக வரும் தாத்தா பாட்டிகளும் செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். ஒரே பதிலை வாரா வாரம் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

மிஸ், விண்வெளி எங்கே ஆரம்பிக்குது? ரொம்ப தூரமா?

100 கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே விண்வெளி என்பது பொதுவான கணக்கு. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. இங்கிருந்து ரெயூனியன் தீவு 225 கிலோமீட்டர், ரொத்ரீக் தீவு 600 கிலோமீட்டர் இருக்கும். அதாவது ரொத்ரீக்கில் இருக்கும் உங்கள் சித்தியைவிட, தலைக்கு நேர் மேலே வரும்போது விண்வெளி நிலையம் உங்களுக்குப் பக்கம்.

பிரச்சினை உயரத்தில் இல்லை, வேகத்தில். மேலே போனவர் கீழே விழாமல் பூமியைச் சுற்ற வேண்டுமென்றால் மணிக்கு ஏறக்குறைய 28,000 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அந்த வேகத்தில் போனால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம்தான். பொழுது சாய்ந்த பிறகு கோவில் மொட்டைமாடியிலிருந்து ஒருமுறை நானே அந்த நிலையத்தைப் பார்த்தேன். விமானம் மாதிரி சிமிட்டாமல், சத்தமில்லாமல், ஒரு வெள்ளைப் புள்ளி வானத்தைக் குறுக்கே கடந்து பாதியில் அணைந்துபோனது. இந்த வேகக் கணக்கை மறக்காதீர்கள், கீழே மறுபடியும் வரும்.

இந்தியா ஆள் அனுப்பியாச்சுன்னு ஒருத்தர் சொல்றார், இன்னும் அனுப்பலைன்னு இன்னொருத்தர் சொல்றார். எது சரி?

இரண்டும் சரி. இந்தியர்கள் போயிருக்கிறார்கள், இந்திய வண்டியில் போகவில்லை. ராகேஷ் சர்மா 1984-இல் சோவியத் கலத்தில் போனார். சுபான்ஷு சுக்லா 2025-இல் அமெரிக்கத் தனியார் கலத்தில் போனார். சொந்த ராக்கெட்டில், சொந்தக் கலத்தில், சொந்த மண்ணிலிருந்து ஆளைச் சுற்றுப்பாதைக்கு அனுப்பித் திரும்பக் கொண்டுவந்த நாடுகள் மூன்றுதான்: சோவியத் ஒன்றியம், அமெரிக்கா, சீனா. முதல் இரண்டும் அறுபதுகளின் தொடக்கத்திலேயே செய்தன. சீனா 2003-இல் செய்தது. நான்காவதாக அந்த வரிசையில் சேர இந்தியா போட்ட திட்டத்துக்குத்தான் ககன்யான் என்று பெயர். ககனம் என்றால் வானம், யானம் என்றால் ஊர்தி. இரண்டும் வடசொல்.

பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏறிப் பல இடம் பார்த்துவிட்டு வரலாம். அதற்காக நம் வீட்டில் கார் இருக்கிறது என்று சொல்ல முடியாது, இல்லையா? இந்தப் பக்கத்தில் பாதிக் குழப்பம் இந்த ஒரு இடத்தில்தான்.

ராகேஷ் சர்மா சும்மா போய் உட்கார்ந்துட்டு வந்தவர்தானே?

இல்லை. அவர் இந்திய விமானப்படையின் சோதனை விமானி. ரஷ்ய மொழி கற்று, மாஸ்கோவுக்குப் பக்கத்தில் பயிற்சி முடித்து, 1984 ஏப்ரல் 3-ஆம் தேதி சோயுஸ் டி-11 கலத்தில் யூரி மாலிஷெவ், கென்னடி ஸ்ட்ரெக்காலோவ் இருவரோடு கிளம்பினார். சல்யூட் 7 என்ற சோவியத் விண்வெளி நிலையத்தில் தங்கி மொத்தம் 7 நாள் 21 மணி 40 நிமிஷம் விண்வெளியில் இருந்தார். எடையில்லாத நிலையில் உடம்புக்கு யோகாசனம் உதவுமா என்று பார்ப்பது அவருடைய சோதனைகளில் ஒன்று. இந்தியாவின் மேல் பறக்கும்போது நிலத்தைப் படம் பிடிப்பது இன்னொன்று. அவருக்கு மாற்று ஆளாக அதே பயிற்சி முழுவதையும் முடித்துவிட்டுத் தரையிலேயே நின்றவர் ரவீஷ் மல்ஹோத்ரா. அவர் பெயரை யாரும் கேட்பதில்லை, அதனால் நானாகச் சொல்கிறேன்.

அங்கிருந்து இந்தியா எப்படித் தெரிகிறது என்று இந்திரா காந்தி கேட்டதும், அவர் இக்பாலின் கவிதை வரியைப் பதிலாகச் சொன்னதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஓய்வுக்குப் பிறகு அவர் குடியேறியது தமிழ்நாட்டில், குன்னூரில்.

அதுக்கப்புறம் 41 வருஷம் என்ன, தூங்கிட்டாங்களா?

தூங்கவில்லை. முதலில் ஒரு வாய்ப்பு கைக்கெட்டி நழுவியது. இந்தியாவின் இன்சாட்-1சி செயற்கைக்கோளை அமெரிக்க ஸ்பேஸ் ஷட்டில் 1986-இல் கொண்டுபோவதாக இருந்தது. கூடவே ஓர் இந்தியரும் போவதாக ஏற்பாடு. இஸ்ரோவிலிருந்து என்.சி. பட், பி. ராதாகிருஷ்ணன் என்ற இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1986 ஜனவரி 28-ஆம் தேதி சாலஞ்சர் ஷட்டில் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். அந்தப் பயணம் ரத்தானது. செயற்கைக்கோள் 1988-இல் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியான் ராக்கெட்டில் போனது, ஆள் போகவில்லை.

அதற்குப் பிறகு இந்தியா தன் கவனத்தைச் சொந்த ராக்கெட்டிலும் வானிலை, தொலைத்தொடர்பு, வரைபடம் ஆகியவற்றுக்கான செயற்கைக்கோள்களிலும் வைத்தது. என்னைக் கேட்டால் அது சரியான முடிவு. புயல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ராத்திரி முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் நமக்கு, வானிலைச் செயற்கைக்கோளின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆள் அனுப்பும் எண்ணம் 2006 வாக்கில் மறுபடி தலைதூக்கியது. 2007 ஜனவரியில் 550 கிலோ எடையுள்ள எஸ்.ஆர்.இ-1 என்ற சிறு கலத்தைப் பி.எஸ்.எல்.வி. என்ற இந்திய ராக்கெட் மேலே கொண்டுபோனது. 12 நாள் சுற்றவிட்டு, வங்காள விரிகுடாவில் இறக்கி மீட்டார்கள். சுற்றுப்பாதைக்கு அனுப்பிய ஒன்றை இந்தியா பத்திரமாகத் திரும்பப் பெற்றது அதுதான் முதல் தடவை.

கல்பனா சாவ்லா, சுனிதா வில்லியம்ஸ் எல்லாம் கணக்கிலே வர மாட்டாங்களா?

அவர்கள் அமெரிக்கக் குடிமக்களாக, நாசாவின் வீரர்களாகப் போனவர்கள். கல்பனா ஹரியானாவின் கர்னாலில் பிறந்தவர். 1997-இல் ஒருமுறை போய் வந்தார். இரண்டாம் பயணத்தில், 2003 பிப்ரவரி 1-ஆம் தேதி, கொலம்பியா ஷட்டில் தரையிறங்கும் வழியில் சிதறியபோது இறந்தார். சுனிதாவின் அப்பா குஜராத்காரர். பெருமைப்படுவதில் தப்பில்லை. ஆனால் இந்தியாவின் திட்ட வரலாற்றில் அவர்களைச் சேர்ப்பது, நம் தீவின் சாதனைகளைச் சென்னையின் கணக்கில் எழுதுகிற மாதிரி. நம் முன்னோர் கப்பலேறி வந்தார்கள் என்பதற்காக அதை நாம் ஒத்துக்கொள்வோமா?

ராக்கெட் இருக்கு, நிலாவிலேயே இறங்கியாச்சு. ஆளை உட்கார வெச்சு அனுப்ப ஏன் இத்தனை வருஷம்?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சந்திரயான்-3-ஐ நிலாவுக்கு அனுப்பிய எல்.வி.எம்-3 தான் ககன்யானுக்கும் ராக்கெட். 43.5 மீட்டர் உயரம், 640 டன் எடை. செயற்கைக்கோள் ஏற்றும்போது ஏதாவது தப்பு நடந்தால் பணம் போகும், பெயர் போகும். ஆள் ஏறினால் அந்தக் கணக்கு வேறு. அதனால் ராக்கெட்டின் ஒவ்வொரு பாகத்தையும் மனிதருக்கு ஏற்றதுதானா என்று தனியாகச் சோதித்துச் சான்று பெற வேண்டும்.

ஓர் உதாரணம். அந்த ராக்கெட்டின் மேல்கட்டத்தில் இருக்கும் சி.இ-20 கிரையோஜெனிக் எஞ்சின் (உறைகுளிர் திரவ எரிபொருளில் ஓடுவது) பறக்கும்போது எரிவது பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். இந்தச் சான்றுக்காகத் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் நான்கு எஞ்சின்களை 39 தடவை எரித்துப் பார்த்தார்கள். குறைந்தது 6,350 விநாடி என்பது விதி. அவர்கள் எரித்தது 8,810 விநாடி. 2024 பிப்ரவரியில்தான் அது முடிந்தது. இது ஒரே ஒரு எஞ்சினின் கதை.

அப்புறம் உள்ளே இருப்பவர் மூச்சுவிட வேண்டும். காற்று, வெப்பம், ஈரம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் அமைப்பை வெளிநாட்டில் வாங்கத்தான் முதலில் பார்த்தார்கள். தருவார் இல்லை என்றதும் சொந்தமாகச் செய்ய இறங்கினார்கள். இத்தனைக்கும் பிறகு, திரும்பி வருவது என்ற பெரிய வேலை பாக்கி இருக்கிறது.

திரும்பி வர்றதுல என்ன கஷ்டம்? கீழே விழுந்தா வந்துடுமே!

வகுப்பே சிரித்தது. கேட்ட பையன் சொன்னதில் பாதி உண்மை, விழுவதுதான். ஆனால் முதல் பதிலில் சொன்ன அந்த 28,000 கிலோமீட்டர் வேகத்தைக் கரைத்தாக வேண்டும். எரிபொருளைக் கொண்டே கரைப்பதென்றால் கீழே இறங்கவும் இன்னொரு பெரிய ராக்கெட் வேண்டும், அது நடக்காது. ஆகவே காற்றில் மோதித்தான் வேகத்தைக் குறைக்கிறார்கள். சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அடிப்பக்கம் சுடும், தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அழுத்தப்பட்ட காற்று சூடாகிறது. அதே காரணத்தால் கலத்தின் முன்னால் இருக்கும் காற்று ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும். வெப்பக் கேடயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகி அந்தச் சூட்டைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகும். கொலம்பியாவில் சேதமானதும் வெப்பக் கவசம்தான், ஆனால் அது கருகும் வகை இல்லை.

இதைத் தாண்டினால் பாராசூட். ககன்யானில் மொத்தம் 10. மூடியை இழுத்தெறிய 2, வேகத்தைத் தணிக்க 2, பெரிய பாராசூட்டுகளை வெளியே இழுக்க 3 சின்னது, கடைசியாக மூன்று பெரியது. ஒன்றன்பின் ஒன்றாக, சரியான நொடியில் விரிய வேண்டும். 2014 டிசம்பர் 18-ஆம் தேதி எல்.வி.எம்-3-இன் முதல் சோதனைப் பறத்தலிலேயே ஆளில்லாத ஒரு கலத்தை 126 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பி, அந்தமான் பக்கம் கடலில் பாராசூட்டோடு இறக்கிப் பார்த்தார்கள். 2025 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஹெலிகாப்டரிலிருந்து ஒரு மாதிரிக் கலத்தைக் கீழே போட்டு மறுபடி சோதித்தார்கள். இருபது வருஷத்துச் சோதனைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், மேலே போவதைப் பற்றியது மட்டுமாக இருக்காது.

ராக்கெட் வெடிச்சா உள்ளே இருக்கிறவங்க கதி?

கலத்தின் தலையில் கோபுரம் மாதிரி ஒன்று நிற்கும். அதுவே தனி ராக்கெட். கீழே ஏதாவது கெட்டுப்போனால் கலத்தை மட்டும் பிய்த்துக்கொண்டு தூரமாகப் பறந்துவிடும். 2018 ஜூலை 5-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்தில் தரையிலிருந்தே இதைச் சோதித்தார்கள், நாலரை நிமிஷத்துக்குள் முடிந்தது.

பறந்துகொண்டிருக்கும்போது செய்த சோதனை 2023 அக்டோபர் 21, ஒரு சனிக்கிழமை. டி.வி-டி1 என்று பெயர். வானிலையால் நேரம் தள்ளிப்போனது. நான் வகுப்புக்குக் கிளம்பும் அவசரத்தில் ஃபோனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை இறங்கி இறங்கி வந்து, 5 நொடி பாக்கி இருக்கும்போது கம்ப்யூட்டரே நிறுத்திவிட்டது. சரி, இன்றைக்கு அவ்வளவுதான் என்று அணைத்துவிட்டு பஸ் பிடித்தேன். நான் பஸ்ஸில் இருந்தபோது, நம்ம நேரம் எட்டரைக்கு, கோளாறைச் சரிசெய்து அனுப்பியே விட்டார்கள்! கூடத்துக்குள் நுழைந்தால் பிள்ளைகள் எல்லாம் பார்த்துவிட்டு எனக்குக் கதை சொல்கிறார்கள். ஒலியைவிட வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது கலம் பிரிந்து, பாராசூட் விரிந்து, ஒன்பது நிமிஷத்துக்குள் கடலில். கலம் தண்ணீரில் தலைகீழாக மிதந்தது. நிமிர்த்தும் அமைப்பு அந்தச் சோதனைக் கலத்தில் வைக்கப்படவில்லை, ஆள் போகும் கலத்தில் இருக்கும். கடற்படை இழுத்து வந்து சேர்த்தது.

அங்கே என்ன சாப்பிடுவாங்க, பாவம்?

பாட்டிமார் கேள்வி. ராகேஷ் சர்மாவுக்கு மைசூரில் உள்ள பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடம் இந்தியச் சாப்பாடு செய்து கொடுத்தது. சுக்லா காரட் அல்வாவும் பாசிப்பருப்பு அல்வாவும் மாம்பழச் சாறும் கொண்டுபோனார். நம்ம வாழையிலைச் செத் காரியை (ஏழு கறி விருந்தை) அங்கே பரிமாற முடியாது. ரசம் இலையை விட்டு எழுந்து பறக்கும்.

போகப்போறவங்கள்ல தமிழர் யாராவது உண்டா?

2024 பிப்ரவரி 27-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் நான்கு பெயர்களை அறிவித்தார்கள். பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. நால்வரும் விமானப்படைச் சோதனை விமானிகள். 2020, 21-இல் ரஷ்யாவில் பயிற்சி பெற்றவர்கள். அஜித் கிருஷ்ணன் பிறந்தது சென்னையில். வீட்டில் என்ன பேசுவார் என்று நோண்டுவது நம் வேலையில்லை.

தமிழ்த் தொடர்பு வேண்டுமென்றால் ஏவுதளத்துக்குப் பின்னால் பாருங்கள். எஞ்சின்கள் எரிவது மேலே சொன்ன மகேந்திரகிரியில். ககன்யான் அறிவிக்கப்பட்ட 2018-இல் இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன் குமரி மாவட்டத்துக்காரர். 2025 ஜனவரியில் தலைவரான வி. நாராயணனும் அதே மாவட்டம், கிரையோஜெனிக் எஞ்சினிலேயே வாழ்நாளைக் கழித்தவர்.

மிஸ், பொண்ணுங்க யாரும் இல்லையே, ஏன்?

முதல் தேர்வைப் போர்விமானச் சோதனை விமானிகளுக்குள் நடத்தினார்கள். அந்தக் கூட்டத்தில் அப்போது பெண்கள் இல்லை. ஆளில்லாப் பயணத்துக்கு வியோமித்ரா என்று ஒரு பெண் உருவப் பொம்மையைச் செய்திருக்கிறார்கள். இடுப்புக்கு மேலேதான் உடம்பு. பேசும், பொத்தான் அழுத்தும். நிஜப் பெண்ணுக்கு முன்னால் பொம்மைப் பெண் போவது எனக்கு அவ்வளவு உவப்பாக இல்லை. ஆனால் இந்தத் திட்டத்தின் முதல் இயக்குநர் வி.ஆர். லலிதாம்பிகா ஒரு பெண். பிரான்ஸ் அவருக்கு 2023-இல் லெஜியோன் தொனர் விருது கொடுத்தது. கேள்வி கேட்ட பெண்ணிடம் அந்தப் பெயரைத்தான் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

சொந்தமா செய்யும்போது அமெரிக்காக்காரனுக்குக் காசு கொடுத்து சுக்லாவை ஏன் அனுப்பணும்?

ஏறக்குறைய 550 கோடி இந்திய ரூபாய், சின்னத் தொகை இல்லை. படித்துக் கற்கும் காரியம் அல்ல என்பதே காரணம். சுக்லா அந்த ஆக்சியம்-4 பயணத்தின் விமானி. தளபதி, நாசாவில் பல வருஷம் இருந்த பெக்கி விட்சன். போலந்து, ஹங்கேரிக்காரர்கள் இருவரும் கூட. மே 29 என்று சொல்லி, ராக்கெட்டில் ஆக்சிஜன் கசிவு, நிலையத்தில் காற்றுக் கசிவு என்று தள்ளித் தள்ளி ஜூன் 25-ஆம் தேதி கிளம்பினார்கள். ஆக்சிஜன் கசிவைச் சரிசெய்தே தீர வேண்டும் என்று அங்கே இருந்த இந்தியக் குழு பிடிவாதமாக நின்றது. அந்தப் பிடிவாதமும் கற்றலில் சேர்த்திதான். ஜூலை 15-ஆம் தேதி கலிபோர்னியாக் கரையோரக் கடலில் இறங்கினார்கள்.

2022-ல போறாங்கன்னு சொன்னீங்களே மிஸ்?

நான் சொல்லவில்லை! 2018 ஆகஸ்ட் 15-ஆம் தேதி இந்தியப் பிரதமர் சொன்னார். கொரோனா வந்தது, மேலே சொன்ன சோதனைகள் ஒவ்வொன்றும் இழுத்தன. 2025-இல் இஸ்ரோ சொன்ன கணக்கு: முதலில் ஆளில்லாப் பயணங்கள், 2027-இல் ஆள். செலவும் 10,000 கோடியில் ஆரம்பித்து, விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியையும் சேர்த்து 20,193 கோடி ஆகியிருக்கிறது. தேதி தள்ளிப்போனால் கேலி செய்பவர்கள் நான்காவது கேள்வியில் வரும் ஜனவரி 28-ஐ ஒருமுறை படிக்கட்டும்.

ராகேஷ் சர்மா போனப்போ நம்ம ஊர் ஸ்டேஷன்தானே வழிகாட்டிச்சு? எங்க அப்பா சொல்வாரு.

அப்பா இரண்டு விஷயத்தை ஒன்றாக்கிவிட்டார். ராகேஷ் சர்மாவைச் சோவியத் நிலையங்கள் பார்த்துக்கொண்டன. மொரீசியஸில் இஸ்ரோ நிலையம் அமைக்க ஒப்பந்தம் ஆனது 1986-இல், அவர் திரும்பி இரண்டு வருஷம் கழித்து. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே கிளம்பும் ராக்கெட் கொஞ்ச நேரத்தில் இந்திய ஆன்டெனாக்களின் பார்வையை விட்டு அடிவானத்துக்குக் கீழே போய்விடும். பெருங்கடல் நடுவே அதைப் பிடிக்க ஒரு காது வேண்டும், அதுதான் இங்கே இருப்பது. பி.எஸ்.எல்.வி. பயணங்களில் அதன் பங்கு பெரிது.

ககன்யானுக்கு ஒரு நொடிகூடத் தொடர்பு அறக்கூடாது என்று பார்க்கிறார்கள். அதற்காக ஆஸ்திரேலியாவின் கோகோஸ் தீவில் தற்காலிக நிலையம், மேலே இரண்டு தகவல் கடத்தும் செயற்கைக்கோள்கள் என்று திட்டம்.

நம்ம தீவிலேர்ந்து ஒருத்தர் போக முடியுமா?

நம்முடைய பொருள் ஒன்று போய்விட்டது. மிர்-சாட்1 என்ற முதல் மொரீசியஸ் செயற்கைக்கோள் 2021 ஜூன் 3-ஆம் தேதி கிளம்பி, விண்வெளி நிலையத்தின் ஜப்பானியப் பகுதியிலிருந்து அதே மாதம் 22-ஆம் தேதி வெளியே விடப்பட்டது. கைக்குள் அடங்கும் பெட்டி. ஆள் போவது என்றால், இரண்டாவது கேள்வியில் சொன்ன மாதிரி அடுத்தவர் காரில்தான். ராகேஷ் சர்மாவும் அப்படித்தானே போனார்?

லைவ் எத்தனை மணிக்கு மிஸ்?

ஏவுதலுக்கு அறிவிக்கும் இந்திய நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் கழியுங்கள். அங்கே 10 என்றால் இங்கே எட்டரை. 5 நொடியில் நின்றுவிட்டால் ஃபோனை அணைக்காதீர்கள்.